மூக்காயியின் வியாழக்கிழமைகள்

ஜூன் 3, திங்கள்

மேலக்கரடு உயிரியல் பூங்காவுக்கு வந்து சேர்ந்தேன். வாசலில் சிமெண்டில் ஒரு சிங்கம். உள்ளே சிங்கம் கிடையாது. இயக்குநர் துரைசிங்கம் இருக்கிறார். அந்தக் குறையைத் தானே நிரப்பிவிட்டதாக நினைக்கிறார் போலும்.

பன்னிரண்டு வருடம் ஹார்மோன் ஆய்வு செய்தவளை ஒரே ஒரு கழுதைப்புலிக்காக அழைத்திருக்கிறார்கள். மார்ச்சில் அதன் ஜோடி செத்ததிலிருந்து தன் வாலைத் தானே கடித்துப் புண்ணாக்கிக்கொள்கிறதாம். காரணத்தைக் கண்டுபிடித்து அறிக்கை தர வேண்டும் என்று பூங்காவை நடத்தும் அறக்கட்டளையின் கடிதம்.

"ஊசியப் போட்டு ரத்தம் எடுத்துரலாமே மேடம்? ஒரே நாள்ல முடிஞ்சிரும்" என்றார் துரைசிங்கம்.

பிடித்து அமுக்கி ஊசி போட்டால் அந்தப் பயத்திலேயே மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் ஏறிவிடும், பிறகு நாம் அளப்பது அதன் கவலையை அல்ல, நம் ஊசியை என்று விளக்கினேன். அதனால்தான் மிருகத்தைத் தொடாமல், அது போடும் எச்சத்தில் அளக்கிறோம். பெரிதாகத் தலையாட்டினார். அறையை விட்டு வெளியே வந்ததும் உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. பீ அள்ள வந்த டாக்டர். எல்லா ஊரிலும் இதே நகைச்சுவைதான். புதிதாக ஒன்று யோசிக்கக்கூட ஆள் இல்லை.

கழுதைப்புலியைப் பார்த்துக்கொள்பவர் பெயர் சடையாண்டி. ஐம்பதைத் தாண்டியவர். பலகையில் 'ராணி' என்று எழுதியிருக்கிறது. இவர் 'மூக்காயி' என்று கூப்பிடுகிறார். நான் 'மாதிரி எண் 1' என்று எழுதிக்கொண்டேன்.

ஜூன் 4, செவ்வாய்

வார விடுமுறை. பார்வையாளர் கிடையாது. இன்று முழுக்க விலங்குகளை உள்கூண்டிலேயே அடைத்து வைக்கிறார்கள்.

செல்போனுக்கு டவர் கிடைக்கும் ஒரே இடம் கழுதைப்புலியின் உள்கூண்டுக்குப் பின்னால் இருக்கும் மேடு. நான்கு மணிக்கு அங்கே போய் நின்றேன். செவ்வாய்தோறும் நான்கு முதல் நாலரை வரை மகளோடு பேசலாம் என்பது நீதிமன்றம் எனக்குப் போட்ட பிச்சை. நிரஞ்சனா லைனுக்கு வரவில்லை. அவள் அப்பாதான் வந்தார். "வெளையாடப் போயிருக்கா" என்றார். ஒன்பது வயதுப் பிள்ளை வாரத்தில் மிகச் சரியாக இந்த அரை மணி நேரம் மட்டும் விளையாடப் போகிறாள். நான்கு வாரமாக.

கொஞ்சம் பேசினேன். பிறகு துணி துவைத்தேன். விருந்தினர் அறைக் குழாயில் வருவது தண்ணீர் இல்லை, துரு.

ஜூன் 5, புதன்

வலது கை வீங்கியிருக்கிறது. கதவில் இடித்துக்கொண்டேன். மஞ்சள் பற்றுப் போட்டேன்.

ஜூன் 6, வியாழன்

வேலை ஆரம்பம். காலை ஆறரைக்கு எச்சத்தை எடுத்து, பையில் போட்டு, தேதி ஒட்டி ஃப்ரீசரில் வைக்க வேண்டும். எலும்பு தின்னும் மிருகம். எச்சம் காய்ந்தால் சுண்ணாம்புக்கட்டி போல வெளுத்துவிடும். பிறகு மதுரை ஆய்வகத்தில் பொடித்து, எத்தனாலில் கலக்கி, ஹார்மோனைப் பிரித்து அளப்பேன். மிருகம் இன்று பயந்தால் எச்சத்தில் இன்றே தெரியாது. குடலைக் கடந்து வெளியே வரும் நேரத்தைக் கணக்கிட்டுப் பின்னால் எண்ண வேண்டும்.

இதையெல்லாம் சடையாண்டிக்குச் சொல்லியிருக்கக் கூடாது.

"பீயப் பாத்து மனசு தெரிஞ்சுருமா டாக்டரம்மா?"

"மனசு இல்ல. ஹார்மோன்."

"ரெண்டும் ஒண்ணுதானம்மா?"

பையில் தேதி ஒட்டினேன். இந்த வயதுக்கு மேல் ஒருவருக்கு உயிரியல் கற்றுக்கொடுக்க எனக்குத் தெம்பு இல்லை.

ஃப்ரீசரில் என் பைகளுக்குப் பக்கத்தில் யாரோ இரண்டு கிலோ மத்தி மீன் வைத்திருக்கிறார்கள். துரைசிங்கம் வீட்டு மத்தி என்று பிறகு தெரிந்தது. எடுத்து வெயிலில் வைத்தேன்.

ஜூன் 10, திங்கள்

குடலைக் கடக்கும் நேரத்தை அறியச் சோதனை. காலை எட்டு மணிக்கு இறைச்சிக்குள் சிவப்புப் பாசிமணி முப்பது வைத்துக் கொடுத்தேன். மணி எச்சத்தில் எப்போது வருகிறதோ அதுதான் நேரம். நாளைக் காலை ரசாயனம் வாங்க மதுரை போக வேண்டும். நாளைய எச்சத்தைக் கிளறிப் பார்க்கச் சடையாண்டியிடம் மூன்று முறை சொன்னேன்.

ஜூன் 11, செவ்வாய்

மதுரை. வெயில். மூன்றரைக்கே திரும்பிவிட்டேன். போன். விளையாடப் போயிருக்கிறாளாம்.

ஜூன் 12, புதன்

சடையாண்டி கழுவிய மணிகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"இன்னைக்குத்தாம்மா வந்துச்சு. நேத்து ஒரு மணி கூட இல்ல. ரெண்டு நாளு ஆகுது இதுக்கு."

நேற்று அவர் பார்க்கவே இல்லை, அவ்வளவுதான். இவரை நம்பி ஒரு சோதனையை ஒப்படைத்தது என் தவறு. நாய்க்கு ஒரு நாள் என்று ஆய்வுக் கட்டுரைகளில் இருக்கிறது. ஒரு நாள் என்றே குறித்துக்கொண்டேன். திரும்பச் செய்ய நேரம் இல்லை.

"கையில என்னம்மா திரும்பக் காயம்?" என்று கேட்டார். உங்கள் வேலையைப் பாருங்கள் என்றேன்.

ஜூன் 18, செவ்வாய்

இன்று நிரஞ்சனாவுக்குத் தலைவலியாம். அவள் அப்பாவுக்குப் பொய் சொல்லும் திறமைகூடக் குறைந்துவிட்டது.

ஜூன் 20, வியாழன்

சோறு, மோர், ஊறுகாய். இந்தக் கேண்டீனில் சாம்பார் என்று ஒன்று ஊற்றுகிறார்கள். அதையும் ஒருநாள் ஆய்வகத்துக்கு எடுத்துப்போக வேண்டும்.

ஜூன் 27, வியாழன்

மூன்று வார முடிவுகள் மதுரையிலிருந்து கையோடு கொண்டுவந்தேன். அழகாக வந்திருக்கின்றன. மற்ற நாட்களில் சுமாரான அளவு. வியாழக்கிழமை எச்சத்தில் மட்டும் மூன்று மடங்கு. மூன்று வியாழனும் அப்படியே. ஒரு நாள் பின்னால் எண்ணினால் புதன்கிழமை.

புதன்கிழமை என்ன நடக்கிறது? சடையாண்டி கேஸ் குழாயில் நெருப்பு மூட்டி உள்கூண்டின் தரையைச் சுடுகிறார், கிருமி சாக வேண்டும் என்று. அங்கே நெருப்பு, கூடவே அவருடைய கட்டைக் குரல்.

இவ்வளவு எளிதா என்று எனக்கே சலிப்பாக இருந்தது.

ஜூன் 28, வெள்ளி

சடையாண்டியிடம் விசாரித்தேன்.

"புதன்கிழமை அதை என்ன செய்றீங்க?"

"என்ன செய்றேன்? நெருப்பு வச்சுக் கழுவுறேன். அதுக்கு முன்னாடியே மூக்காயியை அங்கிட்டு வெளிக்கூண்டுல தொறந்து விட்ருவேன். அது பாட்டுக்கு வெயில்ல படுத்துக்கெடக்கும்."

"மிரட்டுவீங்களா? குச்சி ஏதாவது?"

"பதினெட்டு வருசம்மா. குட்டியா வந்ததுல இருந்து நாந்தான்." முகம் சிவந்துவிட்டது. "குச்சி எடுத்ததில்ல."

"அப்ப வேற எந்த நாள்ல பயப்படுது? நீங்க பாத்திருக்கீங்களா?"

"செவ்வாக்கிழம..." என்று ஆரம்பித்தார். பிறகு என் கையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். "ஒண்ணுமில்லம்மா. எனக்கென்ன தெரியும்."

தெரியாது என்பதை ஒப்புக்கொள்ளும் அளவுக்காவது நேர்மை இருக்கிறது.

ஜூலை 1, திங்கள்

இடைக்கால அறிக்கை கொடுத்தேன். 'பராமரிப்பாளரின் புதன்கிழமை நடவடிக்கைகளே மன அழுத்தத்துக்கு முதன்மைக் காரணம் எனத் தெரிகிறது.' துரைசிங்கம் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் மட்டும் படித்துவிட்டு, "சூப்பர் மேடம்" என்றார். கட்டடம், சுவர், தனிமை என்று ஏதாவது எழுதியிருந்தால் அவர் எதையாவது மாற்ற வேண்டியிருந்திருக்கும். ஆளை மாற்றுவது சுலபம்.

ஜூலை 3, புதன்

சடையாண்டியை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். விசாரணை முடியும்வரை என்று பேச்சு. இடமாற்றம்தான் செய்வார்கள் என்று நினைத்திருந்தேன். அது நிர்வாகத்தின் முடிவு, என்னுடையது அல்ல.

புது ஆள் வந்திருக்கிறார். எப்போதும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கிறார். மாதிரி எண் 1 அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. இறைச்சியில் பாதியை விட்டுவிட்டது.

ஜூலை 9, செவ்வாய்

போன். இன்று நான் பேசியது எனக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது. அவர் பாதியில் வைத்துவிட்டார். தொண்டை கட்டியிருக்கிறது. மிளகு போட்டுப் பால் குடித்தேன்.

ஜூலை 12, வெள்ளி

வால் நுனியில் இரண்டு அங்குலம் போய்விட்டது. எலும்பு தெரிகிறது. கால்நடை மருத்துவர் வந்து தூரத்தில் நின்று மருந்தைத் தெளித்துவிட்டு, "இன்னும் கடிச்சா வெட்டித்தான் எடுக்கணும், தாங்குமான்னு சொல்ல முடியாது" என்றார். தெரிந்ததைச் சொல்ல ஒரு டாக்டர்.

ஜூலை 16, செவ்வாய்

திருநெல்வேலி, குடும்பநல நீதிமன்றம். நேற்றே பஸ் ஏறிவிட்டேன். பூங்காவில் மாதிரி எடுக்கப் புது ஆளிடம் சொல்லியிருக்கிறேன், கடவுளே துணை.

வராண்டாவில் நிரஞ்சனாவைப் பார்த்தேன். உயரமாகிவிட்டாள். என்னைக் கண்டதும் அப்பாவின் பின்னால் போய் நின்றுகொண்டாள். நன்றாகப் பழக்கி வைத்திருக்கிறார்.

வழக்கு செப்டம்பருக்குத் தள்ளிப்போயிற்று. என் வழக்கறிஞர் காதருகே வந்து, "அவுங்க முழுக்க முழுக்க ஒங்க கோபத்தப் பத்தித்தான் பேசுதாங்க. எழுத்துல எங்கயும் எதையும் குடுத்துறாதீங்க" என்றார். என் கோபமாம். இருபது பேர் நிற்கும் வராண்டாவில் நான் ஒருத்திதான் வாயைத் திறக்காமல் நின்றேன்.

ஜூலை 21, ஞாயிறு

மதுரை ஆய்வகம். முடிவுகள் குப்பை.

சடையாண்டி போன பிறகு அளவு குறைந்திருக்க வேண்டும். எல்லா நாளும் முன்பைவிட ஏறியிருக்கிறது. ஜூலை 4, 11 வியாழன்களில் பழைய உச்சம் அப்படியே. 18 வியாழனில் மட்டும் உச்சமே இல்லை. புது ஆள் எந்தக் கூண்டின் எச்சத்தை எடுத்து வைத்தாரோ. திரும்ப அளந்தேன். அதே எண். மூன்றாம் முறை அளந்தேன். அதே எண்.

ஜூலை 22, திங்கள்

பாசிமணி மறுபடியும், காலை எட்டுக்கு. இந்த முறை நானே பார்க்கிறேன்.

ஜூலை 23, செவ்வாய்

மணி இல்லை. ஒன்றுகூட. எச்சம் முழுவதையும் கையால் உதிர்த்துப் பார்த்தேன்.

நான்கு மணிக்குப் போன் பேசினேன்.

ஜூலை 24, புதன்

முப்பதில் இருபத்தெட்டு பாசிமணி வந்துவிட்டது.

ஜூலை 25, வியாழன்

இரண்டு நாள். அந்த மனிதர் சொன்னது சரி.

வியாழனிலிருந்து இரண்டு நாள் பின்னால் எண்ணினால் செவ்வாய். செவ்வாயன்று பூங்காவில் பார்வையாளர் இல்லை. நெருப்பு இல்லை. வண்டிச் சத்தம் இல்லை. உள்கூண்டில் மிருகம் அடைந்து கிடக்கும். அதன் முதுகுக்குப் பின்னால், ஒரு தகரக் கதவுக்கு இந்தப் பக்கம், ஒரே ஒரு ஆள் இருந்திருக்கிறார். ஜூலை 16 அன்று அந்த ஆள் திருநெல்வேலியில் இருந்தார்.

போய்த் தகரக் கதவைப் பார்த்தேன். நான்கு இடத்தில் உள்வாங்கியிருக்கிறது. மூன்று இடத்தில் என் முஷ்டி சரியாகப் பொருந்துகிறது. நான்காவது கீழே இருக்கிறது. அது கையால் அடித்தது அல்ல.

கதவின் அந்தப் பக்கம் மூக்காயி மூலையில் சுருண்டு கிடந்தது. என் செருப்புச் சத்தம் கேட்டதும் முதுகு மயிர் மொத்தமும் எழுந்தது. நான் அசையவில்லை. அது சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு வாலைத் தேடி வாயில் வைத்தது.

பன்னிரண்டு வருட ஆய்வு. முனைவர் பட்டம். எவ்வளவு மடத்தனம்.

ஜூலை 27, சனி

சடையாண்டியின் வீட்டுக்குப் போனேன். பூங்காவிலிருந்து மூன்று கிலோமீட்டர். அவர் மனைவி பொன்னுத்தாயி வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். யாரென்று தெரிந்ததும் முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டார். தண்ணீர் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால்தான் ஆச்சரியம்.

சடையாண்டி வேப்பமரத்தடியில் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மணி, இரண்டு நாள், செவ்வாய்க்கிழமை, கதவு. அவர் சைக்கிளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும்மா. மொத செவ்வாக்கிழமையே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்ல? பெத்த புள்ளைட்ட பேச விடலன்னு ஒரு பொம்பள கதவுல அடிச்சு அழுகுது, அதக் கேட்டுக் கழுதப்புலி பயந்து சாகுதுன்னு ஆபீசுல போய்ச் சொல்லவா? அந்த டைரக்டரு நாளைக்கே ஊரு பூராம் சொல்லிச் சிரிப்பாரு."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

இப்போதுதான் நிமிர்ந்தார். "ஒங்ககிட்டயா? நீங்க என் பேச்சக் கேக்குற ஆளா? கண்ணால பாத்துட்டு ரெண்டு நாளுன்னு சொன்னேன், கேட்டீங்களா? சொல்லாம விட்டதுக்கு என் பொண்டாட்டி தெனம் ஏசுறா. அவ ஏசுறதுலயும் ஞாயம் இருக்கு. பெரிய மனுசத்தனமா இருந்துட்டு இப்ப நான் சைக்கிளத் தொடச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கேன்."

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

கிளம்பும்போது கூப்பிட்டார். "திங்குதா?"

"பாதிதான்."

"எலும்ப ஒடச்சுப் போடச் சொல்லுங்க. கடவாப்பல்லு ரெண்டு இல்ல அதுக்கு. அந்தப் புது ஆளுக்குத் தெரிஞ்சிருக்காது."

எனக்கும் தெரியாது. இரண்டு மாதமாக அதன் எச்சத்தை அணு அணுவாகப் பார்த்திருக்கிறேன். வாயைப் பார்க்கவில்லை.

ஜூலை 29, திங்கள்

துரைசிங்கத்திடம் புது அறிக்கையைக் கொடுத்தேன். இந்த முறை முழுவதும் படித்தார்.

"எதுக்கு மேடம் இது? 'அடையாளம் தெரியாத சத்தம்'னு போட்டுக்கலாமே. உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது."

"விடுமுறை நாள்ல அங்க பொறுப்பு சடையாண்டிதான். அடையாளம் தெரியாத சத்தம்னு எழுதினா, அவர் கவனிக்கலன்னு ஆகும். பழி திரும்ப அவர் மேலதான் விழும்."

"விழட்டுமே" என்றார். அவ்வளவு சாதாரணமாக. காப்பி வேண்டுமா என்று கேட்பது போல.

வழக்கறிஞருக்குப் போன் செய்தேன், பஸ் நிலையத்திலிருந்து. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "செவ்வாக்கிழமை தோறும் கதவ ஒதச்சேன்னு நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, அது நேரா எதிர்க்கட்சி வக்கீல் கைக்குத்தான் போகும். புள்ளைய மறந்துறுங்க" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்தேன். ஒரு பஸ் போய் அடுத்த பஸ் வரும்வரை யோசித்தேன். 'அடையாளம் தெரியாத சத்தம்' என்று ஒரு தாளில் எழுதியும் பார்த்தேன். எழுத்துப்பிழை இல்லாமல், மிக நன்றாக இருந்தது.

ஜூலை 30, செவ்வாய்

நான்கு மணிக்கு அறையிலேயே இருந்தேன். இங்கே டவர் கிடையாது.

ஜூலை 31, புதன்

அறக்கட்டளைக் குழுவின் கூட்டம். மூன்று பேர். ஒருவர் தூங்கினார், ஒருவர் முந்திரி தின்றார், தலைவர் அம்மாள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். அறிக்கையை வரி விடாமல் வாசித்தேன். 'செவ்வாய்க்கிழமைகளில் மாலை நான்கு மணியளவில், உள்கூண்டின் தகரக் கதவை அடித்தும் உதைத்தும், உரத்த குரலில் கத்தியும் விலங்கை அச்சுறுத்தியவர் இந்த ஆய்வாளரே. பராமரிப்பாளர் சடையாண்டி நீக்கப்பட்ட பின் எல்லா நாட்களிலும் கார்ட்டிசால் அளவு கூடியிருப்பதால், ஜோடி இறந்த பிறகு அவ்விலங்குக்கு இருந்த ஒரே ஆறுதல் அவரே எனக் கருத வேண்டியுள்ளது.'

"இது விஞ்ஞானமா மேடம், பாவமன்னிப்பா?" என்றார் துரைசிங்கம். முந்திரிக்காரர் சிரித்தார்.

"எண் எல்லாம் பின்னிணைப்புல இருக்கு சார். நீங்க முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் மட்டும் படிப்பீங்க, அதனால தெரியாம இருக்கலாம்."

தூங்கியவர் விழித்துக்கொண்டார். தலைவர் அம்மாள் பின்னிணைப்பைத் திறந்து, வியாழக்கிழமைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனார். பதினெட்டாம் தேதியில் விரல் நின்றது.

"அன்னைக்கு நீங்க ஊர்ல இல்லையாம்மா?"

"இல்லைங்க."

அறிக்கையை மூடினார்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

என் ஒப்பந்தம் ரத்து. சடையாண்டிக்கு மறுபடியும் வேலை. இன்று காலையே வந்துவிட்டார். நான் தூரத்தில், அதற்கு என் வாடை எட்டாத இடத்தில் நின்று பார்த்தேன். "மூக்காயி" என்று ஒரே ஒரு முறைதான் கூப்பிட்டார். அது எழுந்து வந்து கம்பியோடு உடம்பைத் தேய்த்துக்கொண்டு, வாய்க்குள்ளேயே ஏதோ முனகியது. அவர் சுத்தியலால் எலும்பை உடைத்து உள்ளே தள்ளினார்.

என்னைப் பார்த்துக் கும்பிடவும் இல்லை, திட்டவும் இல்லை. தலையை ஒருமுறை அசைத்தார். அதற்கு மேல் எதிர்பார்க்க எனக்கு என்ன உரிமை?

ஆகஸ்ட் 5, திங்கள்

கோவில்பட்டி, அக்காள் வீட்டு மாடி அறை. எதிர்க்கட்சி வழக்கறிஞர் அறிக்கையின் நகல் கேட்டு அறக்கட்டளைக்குக் கடிதம் எழுதியிருக்கிறாராம். மோப்பம் பிடிப்பதில் அந்த இனத்தை மிஞ்ச ஆள் இல்லை. என் வழக்கறிஞர் இனி என் வழக்கறிஞராக இருப்பாரா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

நான்கு மணிக்குப் போன் செய்தேன். மாடியில், தரையில் உட்கார்ந்துகொண்டு. அவள் அப்பா எடுத்தார். "நிரஞ்சனா இருக்காளா? இல்லைன்னா பரவாயில்ல, அடுத்த வாரம் பேசுறேன்" என்றேன். பிறகு யாரோ போனை வாங்கும் சத்தம்.

"அம்மா, ஒங்களுக்கு ஒடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். ஏன் கேக்க?"

"இன்னும் கத்தவே இல்லியே."

சுவரில் சாய்ந்துகொண்டேன். அப்பா போனைத் தர மாட்டேன் என்றாரா அப்போதெல்லாம் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் இரண்டு மாதம் ஒரு பதிலை வைத்துக்கொண்டிருந்தேன். அது சரியா என்று பார்க்க வேண்டியிருந்தது.

"இல்லம்மா. அப்பா எப்பவும் குடுப்பாங்க. நாந்தான் வெளையாடப் போயிட்டேன்னு சொல்லச் சொன்னேன்." பிறகு, "ஸ்பீக்கர்ல போட்டாலும் பயமா இருக்கும்" என்றாள்.

சரி என்றேன். என்ன விளையாட்டு விளையாடுவாய் என்று கேட்டேன். பாண்டி என்றாள். பள்ளிக்கூடத்தில் ஒருத்தி எப்போதும் கோட்டை மிதித்துவிட்டு மிதிக்கவில்லை என்று சாதிக்கிறாளாம். அவளைப் பற்றி மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். நான் நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை.

நாலரை தாண்டிற்று. அவள் அப்பா போனை வாங்கவில்லை.